பேருக்கு ஒரு மேனேஜர்

“சாவியைக் குடு பாப்பா. கடைசியா கேக்கறேன்.”

“கடைசியா கேட்டுட்டே இல்ல? போய்ப் படு.”

“கேட்டுக்கு வெளியே பஸ் புக் பண்ணினவங்க நிக்கிறாங்க. மானம் போகுது!”

“உன் சத்தத்துலதான் போகுது. நேத்து நீ வண்டியை விட்டு இறங்கினப்போ ஊரே தூங்கியாச்சு. ஓய்வு முடியாம ஸ்டீரிங்கைத் தொடக் கூடாது. வேற டிரைவரை வரச் சொல்லிட்டேன்.”

“யாரு வண்டி இது? சொல்லு, யாரு வண்டி?”

“உன் வண்டிதான், யாரு இல்லேன்னா? வண்டி உன்னுது, பொறுப்பு என்னுது.”

இதை நான் ஒட்டுக் கேட்டதாக யாரும் நினைத்துவிட வேண்டாம். அந்த மனிதர் பேசினால் ஒட்டுக் கேட்கிற சிரமம் யாருக்கும் இல்லை. தெரு அவருக்கு வைத்த பெயரே ஹாரன். அவர்களுடைய பஸ் ஷெட்டுக்கும் என் கொல்லைக்கும் நடுவே ஒரு மதில் உண்டு. அது என் மோவாய் உயரம். ஈரத் துணியை நான் வேண்டுமென்றே ஒவ்வொன்றாக உதறி உலர்த்துகிறேன் என்று சிலர் சொல்கிறார்கள். துணியை வேறு எப்படி உலர்த்துவதாம்?

பாப்பா, ஹாரனின் தங்கை. வயது முப்பதைத் தாண்டிய பிறகும் பாப்பாதான். அன்றைக்கு வேறு டிரைவர் வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போனார். ஹாரன் கதவை அறைந்து சாத்திவிட்டுப் படுத்தார். அவர் விட்ட குறட்டையைக் கேட்டபோது தங்கை சொன்னதுதான் சரி என்று எனக்குப் பட்டது.

அவர் ஏன் ஒரு பாப்பாவுக்கு அடங்கிப் போக வேண்டும்? அங்கேதான் விஷயம் இருக்கிறது. பஸ் ஓட்ட லைசென்ஸ் இருந்தால் பஸ் ஓட்டலாம், அவ்வளவுதான். கூலிக்கு ஆள் ஏற்றி பஸ் கம்பெனி நடத்த அது போதாது. அதற்கு வேறு லைசென்ஸ். வண்டியை நிறுத்த ஒழுங்கான இடம் வேண்டும், பழுது பார்க்க ஏற்பாடு வேண்டும், கையில் இருப்பு வேண்டும், முதலாளி மேல் வழக்கு வம்பு இருக்கக் கூடாது. இதெல்லாம் ஹாரனிடம் இருந்தது. இதற்கு மேல், அதற்கென்று உள்ள பரீட்சையில் தேறிய ஒரு மேனேஜர் வேண்டும். அது அவரிடம் இல்லை.

பரீட்சைக்குப் போனார்தான். துணைக்குத் தங்கையைக் கூட்டிக்கொண்டு போனார். சும்மா வெளியே உட்காருவானேன் என்று அவளும் எழுதினாள். அவள் தேறினாள், இவர் தேறவில்லை. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல், ஹாரனுக்குக் கேள்வித்தாள் கோணல். “பஸ் ஓட்டறவனைப் பாத்துக் கேக்கற கேள்வியா இது?” என்று தெருமுனை வரை கேட்கும்படி முறையிட்டார். பிறகு, “யார் பேரா இருந்தா என்ன, வீட்டுக்குள்ளதானே” என்று மேனேஜர் இடத்தில் பாப்பாவின் பெயரைப் போட்டார்.

பெயரைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருப்பாள் என்று நினைத்தார். அவளோ நிஜமாகவே மேனேஜர் ஆகிவிட்டாள். டயரைத் தடவிப் பார்ப்பாள், பிரேக்கை மிதித்துப் பார்ப்பாள், அவசரக் கதவைத் திறந்து மூடுவாள், யார் எத்தனை நேரம் ஓட்டினார்கள் என்று கேட்பாள். டிரைவர்களைக் கண் பரிசோதனைக்குக் கடைத்தெருக் கண்ணாடிக் கடைக்கு அவளே கூட்டிக்கொண்டு போவாள். வரிசையில் பின்னால் நிற்கிற டிரைவர், முன்னால் இருப்பவர் எழுத்துப் பலகையைப் படிப்பதைக் கேட்டு மனப்பாடம் செய்துகொள்வதை ஒருநாள் கண்டுபிடித்தாள். “ஒவ்வொருத்தருக்கும் பலகையை மாத்துங்க சார்” என்றாள். கண்ணாடிக் கடைக்காரர் மாற்றினார். அந்த மனிதருக்கு நாற்பது வயது, மெதுவான பேச்சு, கல்யாணம் ஆகாதவர். அதற்குப் பிறகு டிரைவர்களின் கண் ரொம்ப அடிக்கடி பரிசோதிக்கப்பட்டதை நானும் கவனித்தேன். அந்தப் பார்வையில் டிரைவர்களுக்கு எந்தப் பங்கும் இல்லை என்பது என் கருத்து.

கொஞ்ச நாளில் அவர் தன் அத்தையைப் பெண் கேட்க அனுப்பினார். அவரை வளர்த்தது அந்த அத்தைதான். கடற்கரை ஊர் ஒன்றில் புதுக் கடை போடுகிறார், கல்யாணம் ஆனால் பாப்பாவும் அங்கே போய்விடுவாள் என்று அத்தை சொன்னார். ஹாரன் விரல் விட்டுக் கணக்குப் பார்த்தார். பாப்பா போனால் மேனேஜர் போனார். மேனேஜர் போனால் லைசென்ஸ் போச்சு. ரெண்டு பஸ்ஸும் ஷெட்டில் கோழிக் கூண்டாகிவிடும்.

இதை நேராகச் சொல்லியிருந்தால் அத்தை புரிந்துகொண்டிருப்பார். ஹாரன் குரலைத் தாழ்த்தி, அதாவது நம் எல்லோரையும் போல, சொன்னது வேறு:

“உங்ககிட்ட மறைக்கக் கூடாதும்மா. பாப்பாவுக்கு உடம்பு சரியில்ல. திடீர் திடீர்னு மயக்கம் போட்டு விழுந்துடுவா. கம்பெனியில அவ பேரு மட்டும்தான் இருக்கு. வேலை பூரா நான்தான் பாத்துக்கறேன். நாலு இடத்துல இப்படித்தான் வேண்டாம்னுட்டாங்க.”

அத்தை ‘அடப் பாவமே’ என்று போய்விட்டார். அப்போது பாப்பா பஸ்ஸோடு வெளியூரில் இருந்தாள். ஹாரனின் மனைவி, அதாவது பாப்பாவின் அண்ணி, என்னிடம் மதிலோரம் வந்து, “ஏன்க்கா, ஒரு மனுஷன் கூடப் பொறந்தவளையே நோயாளி ஆக்குவானா?” என்றாள். அவளே பேசிக்கொண்டிருக்கும்போது நான் ஏன் குறுக்கே போக வேண்டும்?

லைசென்ஸ் ஆபீஸ்காரர்கள் சொல்லிக்கொண்டு வருவதில்லை. ஒரு மதியம் குட்டையாக ஓர் அதிகாரி அம்மாள், தோள்பையோடு கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். ஹாரன் நாற்காலியைத் துடைத்தார், விசிறியைத் திருப்பினார், அண்ணியை டீ போடச் சொன்னார். பாப்பா பெரிய பஸ்ஸுக்கு அடியில் எண்ணெய்க் கசிவு பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

“மேனேஜர் எங்கே?” என்றார் அதிகாரி.

“இதோ கூப்பிடறேன் மேடம்” என்று ஹாரன் வாயைத் திறந்தார். அதே நேரத்தில் அத்தை ஒரு பை நிறையப் பழத்தோடு கேட்டுக்குள் நுழைந்தார். நல்ல மனசு, பாருங்கள். நோயாளி என்று கேட்டதும் கல்யாணப் பேச்சை விட்டுவிட்டு, நோயாளியைப் பார்க்கவே வந்துவிட்டார். வந்தவர் கண்ணில் முதலில் பட்டது பஸ்ஸுக்கு அடியில் கிடந்த கால்கள்.

“ஐயையோ! விழுந்துட்டாளே! யாராவது தண்ணி கொண்டாங்களேன்!”

பையைப் போட்டுவிட்டு ஓடிப்போய் ஒரு காலைப் பிடித்து இழுத்தார். பழங்கள் ஷெட் முழுக்க உருண்டன. உள்ளேயிருந்து, “யாரு அது, காலை விடுங்க!” என்று பாப்பா கத்தினாள்.

“பேசறா! உசுரு இருக்கு!” என்றார் அத்தை.

முகமெல்லாம் கிரீஸோடு பாப்பா வெளியே வந்தாள். அதிகாரி எழுந்து நின்றார். “என்னம்மா ஆச்சு? யாருக்கு என்ன?”

அத்தைக்கு மூச்சு வாங்கியது, பேச்சு மட்டும் நிற்கவில்லை. “பாவம் மேடம், இந்தப் பொண்ணுக்கு மயக்க வியாதி. நடந்துக்கிட்டே இருக்கும்போது விழுந்துடுமாம். அண்ணனே சொன்னாரு. இது பேரு மட்டும்தானாம், வேலை எல்லாம் அவருதானாம். அப்படி இருக்கிற பொண்ணை பஸ்ஸுக்கு அடியில விட்டுட்டு இவரு விசிறி போட்டு உட்கார்ந்திருக்காரே!”

நான் உதறிய துண்டு கையிலேயே நின்றுவிட்டது.

அதிகாரி கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. “பேருக்கு மட்டுமா?” என்று ஹாரனைக் கேட்டார். “நிர்வாகம் பண்ணாத ஒருத்தர் பேரை மேனேஜர்னு காட்டியிருந்தா, உங்க லைசென்ஸை இன்னைக்கே நிறுத்தி வைக்கச் சொல்லி எழுதணும். தெரியுமா?”

“இல்ல மேடம்… அது வந்து…”

“இந்த அம்மா பொய் சொல்றாங்களா?”

“நான் ஏன் பொய் சொல்றேன்? என் மருமகனுக்குக் கேட்டு வந்தப்போ, இதோ இதே நாற்காலியில உட்கார்ந்து சொன்னாரு.”

பாப்பா அண்ணனைப் பார்த்தாள். கண்ணாடிக் கடைக்காரர் ஏன் இரண்டு வாரமாக ‘உடம்பைப் பாத்துக்குங்க’ என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கியிருக்க வேண்டும். அவள் ‘ஆமாம்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பஸ்கள் நின்றுவிடும். ‘இல்லை’ என்றால், அத்தை எதிரில் அண்ணன் பொய்யன் ஆவார். அவள் கைத்துணியால் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டு நின்றாள். நுணலும் தன் வாயால் கெடும்; கெட்ட பிறகு அந்த வாயே திறந்து காப்பாற்றட்டும் என்று விட்டுவிட்டாள்.

“நான்தான் பொய் சொன்னேன்” என்றார் ஹாரன். அந்தக் குரலில் அவர் பேசி நான் அதுவரை கேட்டதில்லை. மதிலில் சாய்ந்துதான் கேட்க வேண்டியிருந்தது. “அவளுக்கு ஒண்ணும் இல்ல. கல்லு மாதிரி இருக்கா. கல்யாணம் பண்ணிட்டுப் போயிட்டா லைசென்ஸ் போயிடும்னு… நோயின்னு சொன்னேன். வேலை எல்லாம் அவதான். போன வாரம்கூட என்னையே ஓட்ட விடல மேடம். சாவியைப் பிடுங்கி வெச்சுக்கிட்டா.”

அதிகாரி உடனே நம்பிவிடவில்லை. பாப்பாவை நிற்க வைத்துக் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார். எந்த வண்டி எப்போது பழுது பார்த்தது, எந்த டிரைவருக்கு எப்போது மருத்துவப் பரிசோதனை, தீயணைப்புக் கருவி எங்கே. பாப்பா நடந்து நடந்து காட்டினாள். இடையிடையே ஹாரனையும் ஒரு கேள்வி கேட்டார். அவர் ஒவ்வொன்றுக்கும் பாப்பாவைப் பார்த்தார். அதைவிட நல்ல சாட்சி அதிகாரிக்கு வேண்டியிருக்கவில்லை.

“சரி, நிஜ மேனேஜர்தான்” என்று பையை மூடினார்.

“மேடம், ஒரு சந்தேகம்” என்றாள் பாப்பா. “மேனேஜர் வேலையை விட்டா, வேற ஆள் போட அவகாசம் உண்டா?”

“உண்டு. முன்கூட்டியே எழுதிக் குடுத்துக் கேட்கணும். சில மாசம் தருவாங்க. ஏன்?”

“நான் விடப் போறேன். கல்யாணம்.”

“யாரோட?” என்றார் அத்தை, பழம் பொறுக்கிக்கொண்டே.

“உங்க மருமகனோடதான்.”

“அப்ப அந்த வியாதி?”

“எனக்கு வியாதி எதுவும் இல்லம்மா. இருந்த ஒரே வியாதி இதோ நிக்குது” என்று அண்ணனைக் காட்டினாள். அதிகாரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. டீயோடு வந்த அண்ணி, கணவருக்கு மட்டும் கொடுக்காமல் மற்றவர்களுக்குக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

அன்றிலிருந்து ஹாரன் மறுபடி படிக்க உட்கார்ந்தார். மனசுக்குள் படிக்கத் தெரியாத மனிதர். டிரைவர் ஓய்வு, வண்டிச் சோதனை, காப்பீடு என்று எல்லாவற்றையும் முழங்கினார். தெருவில் பாதிப் பேருக்குப் பாடம் வந்துவிட்டது. எதிர்வீட்டுத் தையல்காரர் ஊசியில் நூல் கோத்தபடியே, பஸ்ஸில் எத்தனை பேர் நின்றுகொண்டு வரலாம் என்று சொல்வார். பரீட்சைக்குப் போகும்போது, “நீயும் துணைக்கு வா” என்று மனைவியைக் கூப்பிட்டார். பட்டும் புத்தி வராது என்பார்களே, அது இதுதான். அண்ணி தேறினாள். அவருக்கு இந்தத் தடவையும் கேள்வித்தாள் கோணல்.

“எப்படிடி?” என்று கேட்டிருக்கிறார்.

“நீங்க கத்தினதைக் கேட்டுக்கிட்டே பாத்திரம் கழுவினேங்க. வேற என்ன?”

மேனேஜர் இடத்தில் அண்ணியின் பெயர் ஏறிய மாதமே பாப்பாவின் கல்யாணம் எளிமையாக நடந்தது. கண்ணாடிக் கடைக்காரரும் அவளும் கடற்கரை ஊருக்குக் குடிபோனார்கள். அத்தை இங்கேயே இருப்பேன் என்று அடம்பிடித்து, பிறகு அவரும் மூட்டை கட்டினார். அங்கே ஒரு சுற்றுலா பஸ்காரர் மேனேஜர் தேடிக்கொண்டிருந்தாராம், பாப்பா சேர்ந்துவிட்டாள். முதல் வாரமே முதலாளியோடு சண்டை என்று கேள்வி. அந்த அதிகாரி அம்மாள் மாற்றலாகி எங்கோ போய்விட்டார். கண்ணாடிக் கடை இருந்த இடத்தில் செருப்புக் கடை வந்திருக்கிறது. அதன் முதலாளி இன்னும் கல்யாணம் ஆகாதவர்தான், விசாரித்துவிட்டேன்.