துளசிக் குடும்பத்து நீலப்பூ

செடியின் பெரிய கிளையை முறித்தது நான்தான். டோர்வல் விமான நிலையத்தில் ஊராரின் பெட்டிகளை எறிந்து பழகிய கைகளுக்கு மெல்லத் தூக்குவது என்றால் என்னவென்று தெரியாது. செயின்ட்-மிஷேலில் இருந்து மெத்ரோவும் பஸ்ஸும் மாறிப் பெண் கேட்டு வந்தவன், பேசாமல் கதிரையில் இருந்திருக்கலாம். இரவு உறைபனி வருமாம். பெண்ணின் அம்மா தேத்தண்ணி போட்டு முடிப்பதற்குள் வெளியே நின்ற பூச்சட்டியை உள்ளே வைத்தால் நல்ல பிள்ளை என்று பெயரெடுக்கலாமே என்று புறப்பட்டேன். கதவுநிலை குறுக்கே வந்தது. அது எப்போதும் அங்கேதான் இருந்தது என்பது வேறு விஷயம்.

தப்பி ஓடவும் வழியில்லை. அவர்கள் இருக்கும் இல்-பிசாரில் அடுத்த பஸ் எப்போது என்று பஸ்காரனுக்கே தெரியாது. ஜக்கெற் பொக்கற்றுக்குள் பயணப்பெட்டிகளில் போகும் ஊர் போட்டு ஒட்டும் சீட்டு ஒன்று கிடந்தது. கிளையை நிமிர்த்தி, அதைச் சுற்றி ஒட்டிவிட்டேன்.

"றொசான், நீர் உருப்படமாட்டீர்" என்றாள் துஷாந்தினி மெதுவாக. நான் கேட்டு வந்த பெண் அவள்தான்.

அவளுடைய அம்மா தேத்தண்ணியோடு வந்தார். ஜெகதீஸ்வரி அன்ரி ஊரில் தாவரவியல் படிப்பித்தவர். எதையும் வகைப்படுத்தாமல் விடமாட்டார். என் அப்பா அம்மா மன்னாரில் இருப்பதால் எனக்காக நானேதான் கேட்கவேண்டியிருந்தது. போன தரமும் கேட்டேன், அதற்கு முந்தின தரமும் கேட்டேன். ஓம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. என்னைத்தான் ஆராய்வார்.

"தம்பி, மன்னாரில எவடம் எண்டனீர்?"

"பேசாலை, அன்ரி."

"பேசாலையில?"

"கோயிலடி."

"கோயிலுக்குக் கிழக்காலையோ, மேற்காலையோ?"

இன்னும் இரண்டு கேள்வி போனால் நான் பிறந்த கட்டிலில் வந்து நிற்பார். எங்கள் ஆட்கள் இப்படி விலாசம் கேட்பது கடிதம் போடுவதற்கா என்ன!

பேச்சை மாற்றப் பூவைக் காட்டினேன். நாலு இதழ் வெளிர்நீலம், கீழிதழ் மட்டும் கடுநீலம், வண்ணத்துப்பூச்சி வந்து குந்தியிருப்பது போல. "இதுக்கு எவடம், அன்ரி?"

அன்ரியின் முகம் மலர்ந்துவிட்டது. "உகண்டா, கென்யா, தன்சானியாப் பக்கம். காட்டோரம், பற்றை எல்லாத்திலயும் நிக்கும். முந்தி கிளெரோடென்ட்ரம் எண்டு வெர்பினாக் குடும்பத்தில வைச்சிருந்தவை. நானும் அப்பிடித்தான் படிப்பிச்சனான். பேந்து பாத்தா, பிழையாம். இப்ப பேர் றொதேக்கா. துளசிக் குடும்பம்."

"ஐயோ, செடியே சைவத்துக்கு மாறிட்டுது! நான்தான் இன்னும் வேதக்காரன்."

துஷாந்தினி சிரிப்பை விழுங்கினாள். அன்ரி சிரிக்கவில்லை. கிறிஸ்தவ மாப்பிள்ளை என்பதுதானே அவருக்கு இடறியது. எனக்கும் அதற்குமேல் பகிடி வரவில்லை.

"குடும்பம் மாறினதால பூ மாறினதோ, அன்ரி?"

"பூ ஏன் மாறுது? அது தன்ர பாட்டுக்கு நிண்டது. நாங்கள்தான் பிழையா அடுக்கிப்போட்டு..."

பாதியில் நின்றுவிட்டார். என்னைப் பார்த்தார். பிறகு செடியை. பார்வை அந்தச் சீட்டில் போய் நின்றது.

"இதென்ன, செடி வன்கூவருக்குப் போகுதோ?"

"நான்தான் முறிச்சனான், அன்ரி. உதவி செய்யப்போய்..."

அன்ரி கத்தரிக்கோல் எடுத்தார். கிளையைக் கணுவுக்குக் கீழே வெட்டி, தண்ணீர்க் கிளாஸில் வைத்தார். "முறிஞ்சதைப் பற்றி ஒண்டுமில்லை. தண்ணிக்குள்ள வேர் விடும். ஒட்டினதுதான் விசர்வேலை."

"அப்ப என்ர விஷயம்? சம்மதமோ, இல்லையோ? இந்தத் தரமாவது நேர சொல்லுங்கோ, அன்ரி."

கிளாஸை எடுத்து என் கையில் தந்தார். பெட்டி எறிகிற கைகள் இரண்டாலும் அதை மெல்லப் பிடித்தேன்.

"ஓம்," என்றார். "எனக்குச் சம்மதம்."