நாங்கள் சமைக்காத சாப்பாடு

என் நாத்தனாரும் நானும் சண்டையில்லாமல் ஒரு வேளை சாப்பிட வேண்டுமானால், அந்தச் சாப்பாட்டை எங்கள் இருவரில் யாரும் சமைத்திருக்கக் கூடாது. நான் சமைத்தால் அவளுக்கு உப்பு குறையும். அவள் சமைத்தால் எனக்கு உப்பு கரிக்கும். நான் கல்யாணமாகி அந்த வீட்டுக்குப் போன வாரமே தொடங்கிய வழக்கு இது. என் வீட்டுக்காரர் நடுவில் உட்கார்ந்து, யார் சமைத்ததையும் வாயைத் திறக்காமல் சாப்பிட்டே காலத்தை ஓட்டிவிட்டார். அவர் போன பிறகு எங்களைத் தடுக்க ஆளில்லை. ஒருநாள் குழம்பில் ஆரம்பித்த பேச்சு எங்கெங்கோ போய், கோபத்தில் நான் ஒரு வார்த்தையை விட்டேன். "இது என் வீடு" என்றேன். எதற்கும் ஏட்டிக்குப் போட்டி பேசுகிறவள் அன்றைக்கு எழுந்துபோய்த் துணிகளை மடித்து அடுக்கினாள். மறுநாள் ஒரு பெட்டியோடு ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸுக்குக் குடிபோய்விட்டாள்.

அவள் நர்ஸ். கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டவள். இப்போது வேலையிலிருந்து ஓய்வு கொடுத்துவிட்டார்கள், குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். எங்கே போகப் போகிறாள் என்று யாருக்கும் தெரியவில்லை. என் மகன் கேட்டதற்கு, "பாத்துக்கலாம்டா" என்றாளாம்.

அதைக் கேட்ட அன்றே, ஒரு காலத்தில் அவள் இருந்த முன் அறையை நான் காலி செய்தேன். எனக்குத் தையல் கடை, பள்ளிக்கூடச் சீருடைதான் முக்கால்வாசி வேலை. மிஞ்சின துணி மூட்டைகளை எல்லாம் அந்த அறையில்தான் போட்டு வைத்திருந்தேன். அவற்றை மாடிக்கு ஏற்றினேன். அவளுக்குப் பிடித்த வெளிர் பச்சையில் பெயிண்ட் அடிக்கச் சொன்னேன். வாசம் போக ஜன்னலைத் திறந்து வைத்தேன். எல்லாம் ஆயிற்று. அவளைக் கூப்பிடுவதுதான் பாக்கி.

"ஃபோன்ல சொல்லும்மா. அத்தை வந்துருவாங்க" என்றான் மகன்.

"ஃபோன்ல சொல்ற விஷயமாடா இது? மூஞ்சியப் பாத்துச் சொல்லணும்."

"அப்ப வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடு."

"வீட்டுக்கு வந்தா நான்தானே சமைக்கணும்?"

அவன் தலையில் அடித்துக்கொண்டான். பிறகு அவனே ஒரு கடற்கரை ஊரில் லாட்ஜ் பிடித்து, "ரெண்டு நாள் இருந்துட்டு வாங்க. எங்கயாவது நல்லதா சாப்பிட்டுச் சொல்ல வேண்டியதச் சொல்லிடு" என்று எங்கள் இருவரையும் பஸ் ஏற்றிவிட்டான்.

என் திட்டம் இதுதான். நல்ல கடையாக இருக்க வேண்டும். சத்தம் கூடாது. பாதி வயிறு நிறைந்திருக்க வேண்டும், ஏனென்றால் பசி வந்தால் எங்கள் இருவருக்குமே வாய் நீளம். அப்போது மெதுவாக, "நீ வீட்டுக்கே வந்துடு" என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் அந்தப் பழைய வார்த்தையை அழித்த மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தேன்.

லாட்ஜ் அறையில் நுழைந்ததும் அவள் கட்டில் விரிப்பை உதறி, மூலைகளை ஆஸ்பத்திரி மடிப்பாக மடித்துச் செருகினாள். என் கட்டிலுக்கும் சேர்த்துத்தான். நான் கீழே போய் மேனேஜரிடம் விசாரித்தேன்.

"இங்க எங்க சாப்பிட்டா நல்லாருக்கும்?"

"எது வேணும்னாலும் கெடைக்கும்மா இங்க."

எது வேண்டுமானாலும் கிடைக்கும் என்கிறவனுக்கு எதுவும் தெரியாது. அவன் சட்டையின் மேல் பட்டன் வேறு நிறத்தில் இருந்தது. அதை ஒரு மாதமாகக் கவனிக்காதவன் சாப்பாட்டையா கவனிக்கப் போகிறான் என்று எண்ணிக்கொண்டு, மாலையில் நாங்களாகவே கிளம்பினோம்.

கடலோரச் சாலையில் வெளிச்சமாக இருந்த கடைக்குள் நுழைந்தது என் முதல் தப்பு. அங்கே உட்கார்ந்து சாப்பிட்டவர்களைவிட, சாப்பிடுகிறவர்களின் முதுகுக்குப் பின்னால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் அதிகம். எங்கள் நாற்காலிகளை ஒரு குடும்பமே பிடித்திருந்தது. அவர்கள் பெண் குழந்தை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. அது பார்க்கப் பார்க்க எனக்குச் சோறு தொண்டையில் இறங்கவில்லை.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்டி" என்று ஆரம்பித்தேன்.

"வேற என்னம்மா வேணும்?" என்றார் பரிமாறுகிறவர்.

"ஒண்ணும் வேணாம்."

"பில் போட்டுடவா?"

"இன்னும் வாயில வெச்சதையே முழுங்கல. அதுக்குள்ள என்ன அவசரம்?" என்று நான் கத்தியதில் பின்னால் நின்ற குடும்பம் ஓரடி பின்வாங்கியது. நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் எப்போதோ சாப்பிட்டு முடித்திருந்தாள். வார்டில் யார் எப்போது கூப்பிடுவார்களோ என்று சாப்பிட்டுப் பழகியவள். நான் கை கழுவும்போது அவள் சாலையில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னமோ சொல்லணும்னீங்களே அண்ணி?"

"நாளைக்குச் சொல்றேன்" என்றேன். திரும்பி நடக்கிற வழியில், ஒரு மாடியில் கடலைப் பார்த்த மாதிரி ஓர் உணவகம் கண்ணில் பட்டது. ஒவ்வொரு மேசைக்கும் வெள்ளைத் துணி, நடுவில் சின்ன விளக்கு. யாரும் யார் முதுகுக்குப் பின்னாலும் நிற்கவில்லை. இதுதான் இடம் என்று முடிவு செய்துவிட்டேன். அவளை லாட்ஜுக்குப் போகச் சொல்லிவிட்டு நான் மட்டும் மேலே ஏறி, மறுநாள் மாலைக்கு ஜன்னலோர மேசை ஒன்றைச் சொல்லி வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை அவளே ஒரு கடையைக் கண்டுபிடித்தாள். மார்க்கெட்டுக்குப் பின்னால், ஒரு சந்துக்குள், தகர மேசைகள் போட்ட சின்னக் கடை. அடுப்பில் ஓர் அம்மாள் முட்டை பொரித்துக்கொண்டிருந்தாள். எங்கள் மேசைக்கு ஒரு கால் கட்டை. அழுத்தினால் என் பக்கம் சாயும், விட்டால் அவள் பக்கம் சாயும். பக்கத்துக் குழாயில் ஒரு ஆள் ஊரே கேட்கும்படி வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தார்.

ரொட்டியும் முட்டையும் வந்தன. ஒரு வாய் வைத்தோம். இரண்டு பேர் கையும் ஒரே நேரத்தில் உப்புக் கிண்ணத்துக்குப் போய் முட்டிக்கொண்டன.

"உப்பு கம்மி இல்ல, அண்ணி?"

"கம்மிதான்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நானும் பார்த்தேன். இத்தனை வருஷத்தில் உப்பு விஷயத்தில் நாங்கள் ஒரே கட்சியில் இருந்தது அதுதான் முதல் தடவை. அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எனக்கும் அடக்க முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தோம். "அண்ணன் பாத்திருக்கணும்" என்றாள். "பாத்திருந்தா நம்பியிருக்க மாட்டார்" என்றேன். அடுப்படி அம்மாள் எங்களைச் சந்தேகமாகப் பார்த்தாள்.

சிரித்து ஓய்ந்த பிறகு அவள் காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அதற்குள்ளேயே பார்த்தபடி கேட்டாள்.

"முன் ரூம்ல இப்ப யாரு இருக்கா அண்ணி?"

சொல்லியிருக்கலாம். வயிறு நிறைந்திருந்தது, மனசு லேசாக இருந்தது, அவளே வாயைத் திறந்து கேட்டுவிட்டாள். ஆனால் என் புத்தி அந்த மாடி உணவகத்தில் இருந்தது. வெள்ளைத் துணியும் விளக்குமாக ஒரு மேசை காத்திருக்கும்போது, இந்த ஆடுகிற தகரத்திலா, இந்த ஆள் கொப்பளிக்கிற சத்தத்திலா அதைச் சொல்வது என்று தோன்றியது. மாலையில் சொன்னால் எப்படி முகம் மலர்வாள் என்று நான் மனசுக்குள் பார்த்தும் முடித்திருந்தேன். அதைக் கெடுத்துக்கொள்ள எனக்கு மனமில்லை.

"யாரு இருப்பா? துணி மூட்டைதான் கெடக்கு" என்றேன்.

"ரூம் முழுக்கவா?"

"பின்ன? பள்ளிக்கூடம் தொறக்கற நேரமாச்சே. கால் வைக்க எடமில்ல."

பொய்யைத் தைத்தால்கூட நான் இரட்டைத் தையல்தான் போடுவேன். அது என் தொழில் புத்தி.

"ஓ" என்றாள் அவள். காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்து போய்க் கை கழுவினாள். முழங்கைவரை சோப்புப் போட்டு ரொம்ப நேரம் கழுவினாள். நர்ஸ்தானே, அப்படித்தான் கழுவுவாள் என்று நான் பாட்டுக்கு மீதி ரொட்டியைச் சாப்பிட்டேன்.

மத்தியானம் அவள் ஃபோனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனாள். திரும்பி வந்ததும், "யாருடி?" என்றேன். "தெரிஞ்சவங்க" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் கண்ணாடி முன்னால் நின்று மாலையில் சொல்ல வேண்டியதை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூச்சமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

மாடி உணவகத்தில் எல்லாம் நான் நினைத்தபடியே இருந்தன. மேசை ஆடவில்லை. ஜன்னலுக்கு வெளியே கடல் கறுத்துக்கொண்டு வந்தது. பரிமாறியவரின் கோட்டில் தோள் தையல் ஒரு விரல் அளவுக்கு இறங்கியிருந்தது, அதைக்கூட நான் சொல்லவில்லை. மீன் வந்தது, சோறு வந்தது. அவள் ஒரு வாய் வைத்தாள். நானும் வைத்தேன். உப்பு அளவாக இருந்தது. யாரும் கிண்ணத்தைத் தேடவில்லை.

நான் தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னேன். "நீ வீட்டுக்கே வந்துடும்மா. முன் ரூமுக்குப் பச்சைப் பெயிண்ட் அடிச்சு வெச்சிருக்கேன்."

அவள் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"அந்தத் துணி மூட்டை?"

"மாடிக்கு ஏத்தி ஒரு வாரமாச்சு."

"அப்ப காலைல…"

"இங்க வந்து சொல்லலாம்னு இருந்தேன்டி. நல்ல எடமா பாத்து."

அவள் விளக்கைப் பார்த்தாள். வெள்ளைத் துணியை விரலால் தடவினாள். ஜன்னலைப் பார்த்தாள்.

"நல்ல எடம்தான் அண்ணி" என்றாள்.

அவள் குரலை உயர்த்தாமல், நோயாளிக்குச் சொல்கிற மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னாள். ரயிலில் ஒரு ராத்திரி போக வேண்டிய ஊரில் பெண்கள் விடுதி ஒன்று. அங்கே வார்டன் வேலை. தங்க அறை உண்டு, சாப்பாடு உண்டு. ஒரு மாசமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்களாம்.

"நான்தான் இழுத்துக்கிட்டே இருந்தேன். இங்க வரணும்னு பையன் சொன்னதும், நீங்க ஏதோ சொல்லத்தான் கூப்பிடுறீங்கன்னு நெனச்சேன். நேத்து நீங்க ஆரம்பிச்சதும் எனக்குத் தூக்கமே வரல. காலைல மனசு கேக்காம நானே கேட்டேன். நீங்க கால் வைக்க எடமில்லன்னீங்க. மத்தியானம் ஃபோன் பண்ணி வரேன்னு சொல்லிட்டேன்."

"திரும்பக் கூப்பிட்டு வரலைன்னு சொல்லு. இப்பவே சொல்லு."

"இன்னொருத்தங்களப் பாத்து வெச்சிருந்தாங்க. நான் வரேன்னதும் அவங்கள வேணாம்னு அனுப்பிட்டாங்க. அடுத்த வாரம் நான் போகலைன்னா அந்தப் பொண்ணுங்களுக்கு ஆளில்ல. வாக்கு குடுத்துட்டு எப்படி அண்ணி?"

காய்ச்சலோடு டியூட்டிக்குப் போனவள். அண்ணன் காரியம் முடிந்த கையோடு, ஆள் இல்லை என்று கூப்பிட்டார்கள் என்பதற்காக வார்டுக்குப் போனவள். அவளிடம் இதற்கு மேல் பேசிப் பிரயோஜனமில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் பேசினேன். கெஞ்சினேன், திட்டினேன், உனக்குத் திமிர் என்றேன். கடைசியில் அழுதுவிட்டேன். அவள் தண்ணீரை என் பக்கம் நகர்த்தினாள். அவள் கண்ணும் நிறைந்துதான் இருந்தது.

"இதக் காலைல சொல்லியிருக்கலாமே அண்ணி" என்றாள். அதில் கோபமே இல்லை. இருந்திருந்தால் நான் பதிலுக்குச் சண்டை போட்டு மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன்.

அப்படியே கிடந்த தட்டுகளைப் பார்த்துப் பரிமாறுகிறவர் பயந்துபோய் வந்தார்.

"சாப்பாடு சரியில்லையாம்மா? உப்பு ஏதாவது…"

"நல்லாருக்கு" என்றோம் இருவரும் ஒரே நேரத்தில்.

மறுநாள் காலை பஸ் நிலையத்தில் என் பஸ்தான் முதலில். அந்த விடுதியை ஒருமுறை பார்த்துவர, ரயில் பிடிக்க அவள் எதிர்த் திசை பஸ்ஸில் போக வேண்டும். நான் ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகு அவள் ஓடிப்போய்ப் பெட்டிக் கடையில் ஒரு பன் வாங்கிவந்து கம்பி வழியாக நீட்டினாள்.

"வழில சாப்பிடுங்க. பசிச்சா பக்கத்துல இருக்கறவங்ககிட்ட சண்டைக்குப் போவீங்க."

சிரிக்கத்தான் சொன்னாள். நானும் சிரிப்பதுபோல் பல்லைக் காட்டினேன். பஸ் திரும்பும்வரை கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.

பாதி வழியில் பன்னைப் பிரித்தேன். நேற்றைய பன், ஓரம் காய்ந்திருந்தது. "இதைப் போய் வாங்கியிருக்கா பாரு" என்று வாய்வரை வந்துவிட்டது. பக்கத்து இருக்கையில் யாரோ ஒரு பெரியவர் தூங்கிக்கொண்டிருந்தார். ஒரு துணுக்கு விடாமல் சாப்பிட்டேன்.

மகன் ஃபோன் செய்தான். "என்னம்மா, சொன்னியா? அத்தை எப்ப வராங்க?"

"வந்து சொல்றேன்."

"சரி. இங்க மழை வர்ற மாதிரி இருக்கு. முன் ரூம் ஜன்னல் தொறந்தே கெடக்கு. சாத்திடவா?"

"பெயிண்ட் வாசம் போயிடுச்சாடா?"

"அது எப்பவோ போயிடுச்சும்மா."

"அப்ப சாத்திடு" என்றேன்.