சுலைகா வீட்டுத் தோசைக்கல்

நாரணாபுரத்தில் சுலைகா மீன் பொரிக்கும்போது தெறிக்கிற எண்ணெய் எங்கேயும் விழுவதில்லை. ஒரு முழ உயரத்தில் அப்படியே நின்று, மீன் சிவந்ததும் தோசைக்கல்லுக்கே திரும்பிவிடும். அவள் இதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதே கிடையாது. சீலா மீன் துண்டுகளைப் பழைய வேட்டித் துணியில் ஈரம் போக ஒற்றுவாள், மசால் தடவுவாள், காய்ந்த எண்ணெயில் ஒரு சிட்டிகை உப்பு போடுவாள், மாவு சல்லடையைக் கவிழ்த்து மூடுவாள். அதையும் மீறி வெளியே வந்த துளிகள்தான் அந்தரத்தில் நிற்கும். துடைக்கிற வேலை மிச்சம் என்று நினைத்துக்கொண்டாள், அம்புட்டுதான்.

விஷயம் வெளியே வந்தது குப்பையால். அச்சாபீஸில் கழித்த காலண்டர் தாளை அடுப்பைச் சுற்றி விரித்துக்கொண்டு பொரிப்பது இந்தப் பக்கத்து வழக்கம். ஞாயிறு மதியம் எல்லா வீட்டுத் தாளும் எண்ணெய் குடித்துக் கிடக்க, சுலைகா வீட்டுத் தாள் மட்டும் மெஷினிலிருந்து இறங்கின மாதிரி பளிச்சென்று கிடந்தது. எதிர்வீட்டுப் பொன்னுத்தங்கம் அதை எடுத்து மோந்து பார்த்தாள். மீன் வாசம் தெருவெல்லாம் வருகிறது, தாளில் ஒரு பொட்டு எண்ணெய் இல்லை. அப்படியானால் மீன் வாசம் மருந்து நாற்றத்தை மறைக்கிற சாக்கு, உள்ளே திருட்டுத்தனமாக வெடி சுற்றுகிறார்கள் என்று முடிவுகட்டிவிட்டாள். வேறு ஊராக இருந்தால் பேய் என்று சொல்லியிருப்பார்கள். பட்டாசு சுற்றிப் பிழைக்கிற நம்ம ஊருக்குப் பேயெல்லாம் ஒரு பயமா? வெடிமருந்துதான் பயம்.

சுலைகாவுக்கு வீட்டை வாடகைக்கு விட்டிருந்த தனுஷ்கோடி பட்டாசுக் கம்பெனி போர்மேன். போன சீசனில் மருந்துக் கலவை அறையில் பிடித்த தீ அவர் புருவத்தையும் கூட நின்ற சுடலையின் உயிரையும் கொண்டுபோனது. அதிலிருந்து மனுசன் தீப்பெட்டியைக்கூட நம்புவதில்லை. பொன்னுத்தங்கம் காட்டின தாளைப் பார்த்ததுமே மாசக் கடைசிக்குள் வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார். பேரைக் கேட்டதும் கதவைச் சாத்தின எத்தனையோ வாசல்களைப் பார்த்துவிட்டு இந்த வீட்டுக்கு வந்தவள் சுலைகா. நேரே தனுஷ்கோடி வாசலுக்குப் போய் நின்றாள்.

"மருந்தும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல அண்ணாச்சி. நீங்களே வந்து நின்னு பாருங்க. பெறவும் போகச் சொன்னீகன்னா போறேன்" என்றாள்.

வந்தார். கலவை அறைக்குள் போகிற பழக்கத்தில் செருப்பைக் கழற்றி, உடம்பில் இருக்கிற கரண்ட் இறங்கட்டும் என்று வாசல் குழாயைத் தொட்டுவிட்டுத்தான் அடுப்படிக்குள் கால் வைத்தார். மசால் டப்பாவை மோந்தார், அரிசிக்குள் கைவிட்டுத் துழாவினார். ஒன்றும் அகப்படவில்லை. சுலைகா மீனைக் கல்லில் போட்டுச் சல்லடையால் மூடினாள். சல்லடையில்தான் ஏதோ சூது என்று தோன்றி, "அதை எடும்மா" என்றார். அவர் கல்லுக்கு நேரே குனிய, சுலைகா எடுத்தாள். எண்ணெய் படபடவென்று வெடித்தது. அந்தச் சத்தத்தில் மனுசன் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். ஒன்றும் படவில்லை. கையை எடுத்துப் பார்த்தால், கொதிக்கிற துளிகள் மூக்குக்கு நேரே ஒரு சாண் தள்ளி நின்றுகொண்டிருந்தன. மீன் சிவந்தது, அவை கல்லுக்குத் திரும்பின. தனுஷ்கோடி தரையில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார்.

"அன்னைக்கு அந்தத் தீ சுடலை மூஞ்சிக்கு முன்னால இப்படி நின்னிருக்கக் கூடாதாம்மா?" என்றார்.

காலி பண்ணுகிற பேச்சு அதோடு நின்றது. பொன்னுத்தங்கத்துக்குச் சந்தேகம் இன்னும் தீரவில்லை. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். புருசன் போனதிலிருந்து கடுகு தாளிக்கவே நடுங்கிய செல்லக்கனியை, சுடலையின் பெண்சாதியை, தனுஷ்கோடியே கூட்டிக்கொண்டு வந்து விட்டார். ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு இங்கேதான் மீன் பொரித்து எடுத்துப் போகிறாள். துளிகள் அவளுக்கும் நிற்கின்றன.