எட்டாவது தட்டு

டாம்சன்ஸ் என்றொரு கோஷ்டி இருந்தது. இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்துப் பொடியன்கள் ஐந்து பேர். கறுப்புக் கோட்டு, நெற்றியை மறைக்கும் முடி, வாய் நிறையப் பேச்சு. 1964இல் ஒரே ஒரு பாட்டு அவர்களை ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு போனது. அதற்குப் பிறகும் எத்தனையோ பாடிப் பார்த்தார்கள், ஒன்றும் எடுபடவில்லை. ஒருவன் கல்யாணம் கட்டி ஒதுங்கினான், ஒருவன் சாமியாராகப் போகிறேன் என்று கிளம்பினான், இன்னொருவன் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டான். மிச்சம் பாடகனும் டிரம்ஸ் அடிக்கிற லெஸ்ஸும்தான். கூலிக்கு மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு, 1975இல் சிட்னியின் மேற்குப்புறக் கிளப்புகளில் வாசிக்க வந்தார்கள்.

அந்தப் பாட்டில் விமலாதேவியின் கை இருக்கிறது. பேச்சுக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே இருக்கிறது.

அப்போது அவள் லெஸ்டரில் நர்ஸ் படிப்பு படித்துக்கொண்டிருந்தாள். விடுதியில் பக்கத்து அறை மோரீனின் தம்பிதான் டாம்சன்ஸில் கிட்டார். பாட்டுப் பதிவுக்குக் கைதட்ட ஆள் வேண்டுமென்று ஒரு லீவு நாளில் மோரீன் அவளையும் இழுத்துக்கொண்டு போனாள். டிரம்ஸோடு சேர்ந்து விடாமல் தட்டச் சொன்னார்கள். விமலாவோ யாழ்ப்பாணத்தில் சங்கீத வகுப்பில் தாளம் போட்டு வளர்ந்தவள். விரல் எண்ணுகிற பழக்கத்தையும் ஆறாவதில் வருகிற வீச்சையும் எப்படியோ அடக்கிவிட்டாள். ஆனால் ஆதிதாளம் முடிகிற எட்டாவது எண்ணிக்கையில் கை தட்டாமல் தானாக மல்லாந்து, சத்தமில்லாத வீச்சுப் போட்டது. அதை மட்டும் அடக்க முடியவில்லை. அவளைப் பார்த்தே தட்டிய மோரீனும் அந்த இடத்தில் விட்டுவிட்டாள். அடுத்த கோஷ்டி வாசலில் நின்றதால், மறுபடி பதிய நேரமில்லாமல் அதையே வைத்துக்கொண்டார்கள்.

ஏழு தட்டு, பிறகு ஒரு வெறுமை. அந்த வெறுமைக்குத்தான் ஊரே மயங்கியது. காதலியைக் கண்டு மூச்சு நிற்கிற இடம் அது, நான்தான் யோசித்து வைத்தேன் என்று லெஸ் பத்திரிகைக்காரர்களிடம் சொன்னான். அவனுக்கு வாய் கூசவில்லை.

கல்யாணம் கட்டி இப்போது அவள் இருப்பதும் சிட்னியில்தான். மெரிலேண்ட்ஸ் வீட்டுக் குசினியில் ரேடியோ அந்தப் பாட்டைப் போட்டால் விமலா தண்ணீர்க் குழாயை மூடிவிடுவாள். ஏழு தட்டு முடிந்ததும் அந்தச் சின்ன இடத்துக்குள் போய் நிற்பாள். உள்ளே லெஸ்டரின் சாம்பல் நிற மத்தியானம், பதிவறையின் கம்பளம் ஒட்டிய சுவர், கண்ணாடியில் வழிகிற மழை, அவளுடைய இருபது வயது. அடுத்த தட்டில் எல்லாம் கலைந்து, கையில் சவர்க்கார நுரை மட்டும் இருக்கும்.

கல்யாணமான புதிதில் கணவன் கேதீஸ்வரனிடம் சொன்னாள். கச்சேரி என்றால் தொடை சிவக்கத் தாளம் போடுகிறவன், அவனுக்காவது விளங்கும் என்று நினைத்தாள். அவனோ விருந்துக்கு வந்தவர்கள் முன்னால், "எங்கட விமலா வெள்ளைக்காரனுக்குக் கை தட்டினவ!" என்று சிரித்தான். கெட்டவன் இல்லை, வாய்தான் கொஞ்சம் நீளம். அதற்குப் பிறகு அவள் வாயே திறக்கவில்லை. மூடி வைத்து மூடி வைத்து, அது நடந்ததா, கனவா என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. அதுதான் அவளால் தாங்க முடியவில்லை.

"இஞ்சாருங்கோ, ஞாயிற்றுக்கிழமை பிளாக்டவுன் கிளப்புக்குக் கூட்டிக்கொண்டு போறியளோ?"

"உன்ர கோஷ்டியோ? ஓம், போவம். கையைப் பத்திரமாக் கொண்டு வா."

கிளப்பில் பின்னேர வெளிச்சமும் சிகரெட் புகையும் கலந்து எல்லாரும் தண்ணீருக்கடியில் நடப்பதுபோல இருந்தது. இடைவேளையில் லெஸ் பியர்க் கிளாசோடு நின்றான். தலை பாதி வழுக்கை. விமலா போய், மோரீன் பெயரைச் சொல்லி, தான் தட்டியதைச் சொன்னாள். அவன் அன்பாகத்தான் சிரித்தான். அந்தக் காலத்தில் எத்தனையோ பெண்பிள்ளைகள் வந்து போனார்கள், கை தட்டியது நாங்களேதான் என்றான். படமொன்றில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான்.

பக்கத்தில் நின்ற கேதீஸ்வரன் இந்தமுறை சிரிக்கவில்லை. "பரவாயில்லை விமலா, வா," என்றான். சுகமில்லாத ஆளோடு பேசுகிற குரல். அவன் சிரித்திருக்கலாம் என்று அவளுக்கு இருந்தது.

கடைசியாக அந்தப் பாட்டு வந்தது. "என் இடைவெளி வருகிறது, கவனம்!" என்று லெஸ் மைக்கில் சொன்னான். மண்டபம் முழுக்கத் தட்டியது. எட்டாவதில் எல்லாக் கைகளும் போக்கிடம் தெரியாமல் திகைத்தன. சில அந்தரத்தில் நின்றன, சில கிளாசைப் பிடித்தன. விமலா தட்டவில்லை. மடியில் கையை வைத்துக்கொண்டு குனிந்திருந்தாள்.

கேதீஸ்வரன் வழக்கம்போலத் தொடையில் தட்டினான். எட்டாவதில் அவன் கை மல்லாந்தது. தன் கையையே பார்த்தான். மறுபடி ஏழு, மறுபடி கை மல்லாந்தது. திரும்பி அவள் மடியைப் பார்த்தான். அங்கேயும் ஒரு கை மல்லாந்து கிடந்தது.

"விமலா, இது வீச்சல்லோ?"

"ஓம்."

"இவங்களுக்கு எங்காலை வீச்சு?"

கேதீஸ்வரன் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினான். ஏழாவது தட்டு முடிந்து, மண்டபமே மூச்சடக்கிய அந்த வெறுமையில், மேடையைப் பார்த்துத் தமிழில் கத்தினான்:

"அது என்ர மனிசியடா!"

லெஸ்ஸின் குச்சி தடுமாறியது. சனம் திரும்பிப் பார்த்தது, ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. விமலா அவன் கோட்டைப் பிடித்து இழுத்து இருத்தினாள். சிரிப்பும் அழுகையுமாக வந்தது. அடுத்த எட்டாவதுக்கு இரண்டு பேரும் கையை மல்லாத்தி வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.