விட்டுக் கொடுக்க வேண்டாம்

சிந்தியாவுக்கு முப்பத்தாறு வயது. கடலூர் செம்மண்டலத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் டெக்னீஷியன். கூட வேலை செய்யும் பெண்ணின் கல்யாணத்துக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை சிதம்பரம் போனவள், மண்டப வாசலில் போனைக் கீழே போட்டு டிஸ்ப்ளேயை உடைத்துக்கொண்டாள். மேல வீதிப் பக்கம் அன்றைக்குத் திறந்திருந்தது செந்தமிழ்செல்வனின் மொபைல் கடை ஒன்றுதான்.

"ஒரு மணி நேரம் ஆவும்க்கா. உள்ள ஒக்காருங்க" என்றான் அவன்.

உள்ளே ஒரு பழைய டப்பா டிவி. அதன் முன்னால் நான்கு ஆண்கள், எல்லோருக்கும் ஏறக்குறைய அவள் வயதுதான். 'தண்டர் ஆலி' என்ற சண்டை கேமை ஆடிக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டு ஆடிய கேமாம். இன்னமும் ஞாயிற்றுக்கிழமை மதியம் கூடிவிடுகிறார்கள். ஸ்ரீதர் என்பவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. தோற்றவர்தான் எழுந்திருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம்.

அரை மணி நேரம் பார்த்தாள். பட்டனை அழுத்திக்கொண்டிருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். கொஞ்ச நேரத்தில் பிடிபட்டது. ஒருவர் கையை நீட்டுவதற்குள் அடுத்தவர் அதற்குப் பதில் யோசித்து முடித்திருந்தார். அவ்வளவு வேகத்தில் இரண்டு பேர் பேசிக்கொள்வதை அவள் பார்த்ததில்லை.

"ஆடுறீங்களாங்க?" என்று ஸ்ரீதர் கேட்டார்.

ஆடினாள். குட்டையான ஒரு மல்யுத்தக்காரியைத் தேர்ந்தெடுத்தாள். ஒன்பது முறை தோற்றாள்; புதுசு என்று அவளை யாரும் எழுப்பவில்லை. பத்தாவது முறை ஜெயித்தாள். எல்லோரும் கை தட்டினார்கள்.

திரும்பும்போது ரயில் கிள்ளை தாண்டும் வரைக்கும் முகத்தில் சிரிப்பு இருந்தது. பரங்கிப்பேட்டையில் அந்த ஆட்டத்தை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். புதுச்சத்திரம் வந்தபோது விளங்கிவிட்டது. ஸ்ரீதரின் ஆள் கடைசியில் தடுக்கவே இல்லை. சும்மா நின்று அடி வாங்கினான். ஒன்பது தோல்வியில் வராத அவமானம் அந்த ஒரு வெற்றியில் வந்தது.

அடுத்த ஞாயிறு வேலை எதுவும் இல்லாமலே சிதம்பரம் போனாள்.

"போன வாரம் விட்டுக் குடுத்தீங்க இல்ல?" என்று நேராகக் கேட்டாள்.

ஸ்ரீதர் சங்கடப்பட்டார். "புதுசா வர்றவங்க திரும்பி வரணுமேன்னுதாங்க. இந்த கேமுக்கு யாரு வர்றாங்க இப்ப?"

"நான் வருவேன். அதுக்காக நீங்க விட வேணாம்."

அன்றைக்கு அவர் விடவில்லை. இருபத்து மூன்று ஆட்டம், இருபத்து மூன்றிலும் தோல்வி. கடைசி ஆட்டத்தில் அவள் ஆள் ஒரு குத்துகூட விடாமல் விழுந்தாள். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் டீ குடிக்கப் போய்விட்டார்கள். சிந்தியா கிளம்பும்போது செந்தமிழ்செல்வனிடம் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஆட அந்த கேமை பென் டிரைவிலும், கூட இரண்டு பழைய ஜாயிஸ்டிக்கும் வாங்கிக்கொண்டாள்.

மல்யுத்தக்காரியிடம் ஒரு பிடி இருந்தது. ஜாயிஸ்டிக்கின் குமிழைக் கட்டை விரலால் ஒரு முழுச் சுற்று சுற்றி, அதே நொடியில் பட்டனை அழுத்தினால் எதிராளியைத் தூக்கித் தரையில் அறைவாள். முதல் வாரம் நூறுக்கு மூன்று தரம் வந்தது. தினமும் வேலைக்குக் கிளம்புவதற்கு முன் முக்கால் மணி நேரம் அதை மட்டும் செய்தாள். கட்டை விரலில் கொப்புளம் வந்து உடைந்தது. அதன்மேல் பிளாஸ்டர் ஒட்டி, கிளவுஸ் மாட்டி, ரத்தம் எடுத்தாள். பதினோரு வருஷமாக அவள் ஊசி யாருக்கும் நரம்பு தப்பியதில்லை. அந்த வாரமும் தப்பவில்லை.

அவள் கணவன் சகாயநாதன் முதுநகர் துறைமுகத்தில் போட் இன்ஜின் மெக்கானிக். ஒரு நாள் காலையில் அவனையும் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"நான் என்னா பண்ணணும்?"

"குதிச்சிக்கிட்டே இரு."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான். ஸ்ரீதர் ஆளு குதிச்சிதான் கிட்ட வருவான். கால் தரையில படுற எடத்துல நான் புடிக்கணும்."

சகாயநாதன் இட்லியை ஒரு கையில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் குதித்தான். நாற்பது நாள் குதித்தான். "கனவுலயும் என்னைய தூக்கிப் போடுற" என்று ஒரு முறை சொன்னான். ஆனால் ஜாயிஸ்டிக்கைக் கீழே வைக்கவில்லை.

ஞாயிறுதோறும் போய்த் தோற்றாள். எப்படித் தோற்றோம் என்று மட்டும் ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொண்டாள்.

மூன்றாவது மாதம் செந்தமிழ்செல்வன் எட்டுப் பேருக்கு ஒரு போட்டி வைத்தான். முதல் சுற்றில் சிந்தியா பரங்கிப்பேட்டையிலிருந்து வந்த ஒருவரை ஜெயித்தாள். அடுத்தது ஸ்ரீதர். மூன்றில் இரண்டு எடுத்தால் வெற்றி.

முதலாவது அவருக்குப் போனது. இரண்டாவதில் சிந்தியா அசையாமல் தடுத்துக்கொண்டே இருந்தாள். மேலே அடித்தார், தடுத்தாள். கீழே உதைத்தார், தடுத்தாள். அவர் குதித்தார். அவர் ஆளின் கால் தரையைத் தொட்ட இடத்தில் மல்யுத்தக்காரியின் கை இருந்தது. அவர் எழுந்து திரும்பக் குதித்தார். திரும்பத் தூக்கி அறைந்தாள். மூன்றாவது பிடியில் அவர் ஆள் எழவில்லை.

ஸ்ரீதர் உள்ளங்கைகளை பேன்ட்டில் துடைத்தார். நாற்காலியை டிவிக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

கடைசி ஆட்டத்தில் அவர் ஒரு தரம்கூடக் குதிக்கவில்லை. அவள் பார்த்தே இராத விதத்தில் ஆடினார். தூரத்திலேயே நின்று, நீண்ட காலால் எட்டி எட்டி உதைத்து, ஒரு நூலளவு உயிர் மிச்சமிருக்க ஜெயித்தார். சிந்தியாவின் முதுகு நனைந்திருந்தது.

"இந்த மாதிரி நான் ஆடி ஆறேழு வருஷம் ஆவுது" என்றார் ஸ்ரீதர். அவருக்கும் மூச்சு வாங்கியது. "எறங்குற எடத்துல எப்டிங்க புடிக்கிறீங்க? எனக்குக் காட்டுங்க."

"ஆடுங்க, காட்டுறேன். தூரத்துல நின்னு ஒதைக்கிறதுக்கு என்னா பதில்னு எனக்கும் தெரியணும்."

போட்டியின் அடுத்த ஆட்டத்துக்கு இரண்டு பேர் காத்திருந்தார்கள். செந்தமிழ்செல்வன் அலமாரியிலிருந்து இன்னொரு டிவியைத் தூக்கிவந்து தரையில் வைத்து ஒயரை மாட்டினான். சிந்தியா சகாயநாதனுக்கு போன் செய்து, அடுத்த வண்டியில் வருகிறேன் என்றாள்.

"ஜெயிச்சியா?" என்று அவன் கேட்டான்.

"ஒண்ணு எடுத்தேன்" என்றாள். பிறகு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.