கடைசித் தாளின் பாதியில்

இசைவாணிக்கு முப்பத்தெட்டு வயது முடிகிற சமயத்தில் எம்.ஏ. தமிழின் கடைசிப் பரீட்சை வந்தது. சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் கம்பெனி ஒன்றில் அவளுக்குப் பிழை திருத்தும் வேலை. அமாவாசை சரியான தேதியில் விழுந்திருக்கிறதா, முகூர்த்த நாள் ஏதும் விட்டுப்போயிருக்கிறதா என்று பகல் முழுக்கப் பார்த்துவிட்டு, ஆமத்தூரில் இருக்கும் வீட்டுக்குப் பஸ் பிடித்து வந்து, முகம் கழுவின கையோடு போனைத் திறந்து வகுப்பில் உட்காருவாள். இரண்டு வருஷம் இப்படியே ஓடிற்று. சென்னையில் இருக்கும் அந்தப் பல்கலைக்கழகத்தின் வாசலை அவள் ஒருமுறைகூட மிதித்ததில்லை.

அவளை அதில் தள்ளிவிட்டதே நாத்தனார் முத்துமாரியம்மாள்தான். இசைவாணியின் புருஷன் பிரபாகரன் லாரியில் வடக்கே லோடு ஏற்றிப் போனால் திரும்பப் பத்து நாளாகும். வீட்டில் பெரும்பாலும் இந்த இரண்டு பெண்கள்தான். மாரி எட்டாவதோடு நின்றவள். ஆனைக்குட்டம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

"கம்பெனில எல்லாரும் ஒங்ககிட்டதான் சந்தேகம் கேக்காகன்னு சொல்லுவீகள்ல மதினி. அதுக்கு ஒரு படிப்ப வாங்கி வச்சுக்கிட்டா என்ன?" என்று அவள் கேட்டதில் தொடங்கியது எல்லாம்.

பரீட்சையும் வீட்டில் இருந்தபடிதான். கூட வேலை பார்க்கும் நாஜியா தன் லேப்டாப்பைக் கொடுத்திருந்தாள். கேமரா பார்த்துக்கொண்டே இருக்கும். அறையில் வேறு ஆள் இருக்கக் கூடாது. போன் கைக்கெட்டும் இடத்தில் இருக்கக் கூடாது. மூன்று மணி நேரமும் நாற்காலியை விட்டு எழக் கூடாது, எழுந்தால் தாள் அதோடு மூடிக்கொள்ளும். முந்தின நான்கு தாளுக்கும் மாரி லீவு போட்டு வாசலில் உட்கார்ந்து, வருகிறவர்களையெல்லாம் கையசைத்தே திருப்பி அனுப்பினாள். கடைசித் தாளன்று மட்டும் முடியவில்லை. சீசன் ஆர்டர், ஆள் பற்றவில்லை என்று போர்மேன் கூப்பிட்டுவிட்டார்.

பதினொன்றே முக்காலுக்கு இசைவாணி நான்காவது கேள்விக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. ஜன்னல் கதவு தானாக ஆடி நின்றது. வெடி போட்டுப் பார்க்கிற சத்தம் எது, வெடிக்கக் கூடாதது வெடித்த சத்தம் எது என்று அந்தப் பக்கத்தில் பிறந்த யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவள் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. வெளியே தெருவே மேற்கே பார்த்து நின்றது. ஆனைக்குட்டத்துக்கு நேராகப் புகை.

அடுத்த வீட்டுப் பால்பாண்டி பைக்கை எடுத்துவிட்டிருந்தார். "ஏறும்மா," என்றார். மாரியின் போனுக்கு அடித்துப் பிரயோஜனமில்லை. கம்பெனிக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள். கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். போகிற வழியெல்லாம் இசைவாணிக்கு வாய்க்குள் ஒரே சொல்தான் ஓடியது. அது சாமி பெயரா மாரியின் பெயரா என்று பிறகு நினைத்துப் பார்த்தும் அவளுக்குப் பிடிபடவில்லை.

கேட்டுக்கு வெளியே கூட்டம். தீயணைப்பு வண்டி அப்போதுதான் உள்ளே திரும்பிக்கொண்டிருந்தது. வேலிக் கருவேல மரத்தடியில், வெறுங்காலோடு, தலையெல்லாம் சுண்ணாம்புத் தூசியாக மாரி நின்றுகொண்டிருந்தாள். வெடிமருந்து காயவைத்திருந்த அறை ஒன்றுதான் வெடித்துப் போயிருந்தது. எல்லாரும் டீக்கு வெளியே வந்திருந்த நேரம். ஓடும்போது விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டவர்கள் நாலைந்து பேர், அவ்வளவுதான்.

இசைவாணி அவள் தோளை, முதுகை, கையைத் தடவித் தடவிப் பார்த்தாள். மாரி அவளையே வெறித்துப் பார்த்தாள்.

"மதினி, பரீட்சை?"

"அது கெடக்கு."

"எந்திரிச்சா வந்துட்டீக?"

அதுவரை கண் கலங்காமல் நின்ற மாரி அப்போதுதான் ஓவென்று அழுதாள்.

மறுநாள் மெயில் வந்தது. விதிமீறல், முடிவு நிறுத்திவைக்கப்பட்டுள்ளது, விசாரணைக்கு இணையவழியில் ஆஜராகவும். மூன்று வாரம் இசைவாணிக்குச் சோறு இறங்கவில்லை. காலண்டரில் ஒரு ஏகாதசியைக்கூடக் கோட்டைவிட்டாள். நல்லவேளையாக நாஜியா பார்த்துச் சொன்னாள்.

விசாரணை நாளன்று திரையில் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்த பேராசிரியை அன்றைய பதிவை ஓடவிட்டார். சத்தம், சாய்கிற நாற்காலி, பிறகு இரண்டு நிமிஷத்துக்கு வெறும் சுவர்.

"எழுந்தால் தேர்வு போய்விடும் என்று தெரியுமா?"

"தெரியும்மா."

"பிறகு ஏன் எழுந்தீர்கள்?"

நான்கு பக்கத்துக்கு எழுதி வைத்திருந்த விளக்கம் கையில்தான் இருந்தது. இசைவாணியால் அதைப் படிக்க முடியவில்லை. "இவ அங்கன வேலைக்குப் போயிருந்தாம்மா," என்று மாரியைக் கையைப் பிடித்துக் கேமராவுக்கு முன்னால் இழுத்தாள்.

மாரி இதை எதிர்பார்க்கவில்லை. கும்பிட்டாள். பேராசிரியை, "உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே?" என்று கேட்டார்.

"செருப்பு மட்டுந்தான் போச்சும்மா."

இடப்பக்கம் இருந்தவர் குனிந்துகொண்டார். சிரித்தாரா என்று தெரியவில்லை.

எழுதின பாதியை ஏற்க விதியில் இடமில்லை என்றார்கள். ஆனால் விதிமீறல் என்ற பேச்சும் இல்லை. ஒரு மாதம் கழித்து அந்தத் தாளை மட்டும் புதிதாக எழுதலாம். இசைவாணி எழுதினாள். மாரி அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. போர்மேன் கூப்பிடவும் இல்லை. கம்பெனி திறக்க இன்னும் அனுமதி கிடைத்திருக்கவில்லை.

முடிவு வந்தபோது இசைவாணி பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தாள். முதல் வகுப்பு. பக்கத்தில் யாரோ ஒரு பெண் எழுந்து, "ஒடம்புக்கு என்னம்மா, உக்காருங்க," என்று இடம் கொடுத்தாள். உட்கார்ந்து, போனில் அந்த வரியை இன்னொரு தரம் படித்தாள்.

மாரி அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்தாள்.

"அப்ப இனிமே டிவிய சத்தமா வைக்கலாமா மதினி? ரெண்டு வருசமா ஊமைப் படமாத்தான பாத்துக்கிட்டு இருக்கேன்."

"வையி. தெருவுக்கே கேக்கட்டும்."

மாரி வைத்தாள். ஏதோ நாடகத்தில் மாமியாரும் மருமகளும் வீடு இடிகிற மாதிரி சண்டை போட்டார்கள். இசைவாணி பாயை விரித்து, அந்தச் சத்தத்துக்கு நடுவிலேயே, சாப்பிடக்கூட எழாமல் தூங்கிப்போனாள்.