குடிலில் விளைந்த கேப்பை

இதில் ஒரு சொல் பொய் என்றால் எனக்கு மிச்சமிருக்கும் மூன்று பல்லும் விழட்டும்.

அமலா பயிற்சிக்காக விழுப்புரத்தில் தங்கியிருந்தாள். திண்டிவனத்தில் அவள் கணவன் நெடுஞ்செழியன் இரண்டு பிள்ளைகளோடு தனியாக மல்லுக்கட்டினான். கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பச்சைப் புல் வேண்டும், தட்டில் கேப்பை விதைத்து வை என்று சொல்லியிருந்தாள். "இதுகூட முடியலன்னா பசங்கள எங்கம்மா வூட்டுல வுட்டுடுவேன்" என்றும் சொல்லியிருந்தாள்.

மகளுக்குச் சடை பின்னினால் மகன் டவுசரைக் கழற்றி எறிந்தான். அவனுக்கு மாட்டினால் இவள் சடையை அவிழ்த்தாள். இந்தக் கூத்துக்கு நடுவே இரண்டும் சேர்ந்து விதைக்குப் பாலை ஊற்றிவிட்டன. மறுநாள் பயிர் ஜன்னலை மறைத்தது. ஆட்டுக்குட்டி பொம்மையை வைக்கப் போன மகன் பயிருக்குள் தொலைந்து, சாயங்காலம்தான் கிடைத்தான்.

பக்கத்து வீட்டுக் குப்பம்மாள் எட்டிப் பார்த்தாள். "இன்னாப்பா, அறுப்புக்கு ஆள் வேணுமா?"

"அறுப்ப நான் பாத்துக்கறேன்க்கா. நீ இந்த ரெண்டையும் செத்த நேரம் பாத்துக்கினா போதும்."

"வாணாம்பா, நான் அறுப்புக்கே வர்றேன்."

இருவரும் ஆளுக்கொரு அரிவாளோடு இறங்கினார்கள். கோபத்தில் அவன் வேரோடு நிற்கும் அடித்தாளைக்கூட விட்டுவைக்கவில்லை. விளைந்த கேப்பையை வண்டி பிடித்து அனந்தபுரம் சந்தைக்கு அனுப்பினான்.

ஊர் திரும்பிய அமலா வெறுங்குடிலைப் பார்த்தாள். அவன் இத்தனையையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தான். அவள் சமையலறைக்குள் போனாள்.

விதைக்கென்று அவள் வாங்கி வைத்திருந்த கேப்பைப் பொட்டலம், கடைக்காரர் கட்டிய நூல் அவிழாமல் அலமாரியில் இருந்தது.